வெங்கட்ராகவனை என்றைக்குமான மாபெரும் வீரர் என்று சொல்லலாமா?

பாபநாசத்து வாசகன்:

எங்கள் ஊர் கிரிக்கெட் மன்றம் பொங்கல் போட்டியையொட்டி ஒரு சிறிய விழா மலர் வெளியிடுகிறது. 1990-க்கு முன் ஆடி முடித்த இந்திய வீரர்களிலிருந்து என்றைக்குமான சிறந்த 11 பேரைத் தேர்ந்தெடுத்து அதன் நடுப்பக்கத்தில் அச்சிடுவதாகத் திட்டம். கவாஸ்கர், வினூ மன்கட், பேடி, சந்திரசேகர் ஆகிய பெயர்களுக்கு ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. ஆஃப் ஸ்பின்னருக்கு ஒதுக்கிய ஒரே இடத்தில்தான் மூன்று மாலைகளாகச் சண்டை நடக்கிறது. பிரசன்னா என்று பெரும்பாலோர் சொல்ல, எஸ். வெங்கட்ராகவன் என்று நானும் இன்னும் இருவரும் சொல்கிறோம். நம் மாநிலத்துக்காரர் என்ற பாசத்தினால் சொல்கிறோம் என்று எங்களைக் கேலி செய்கிறார்கள். பாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 19 வயதில், 1965-ஆம் ஆண்டு டெல்லியில், நியூசிலாந்துக்கு எதிரான ஒரே டெஸ்ட்டில் 72 ரன்களுக்கு 8 விக்கெட்டும் 80 ரன்களுக்கு 4 விக்கெட்டும் எடுத்தவரை, பேடி, சந்திரசேகர், பிரசன்னா, வெங்கட்ராகவன் என்ற சுழல்பந்து நால்வர் அணியின் நான்காவது ஆள் என்று மட்டுமே சொல்லிப் பழகிவிட்டோமே என்பதுதான் என் குறை. விவரம் அறிந்தவர்கள் கருத்துச் சொல்ல வேண்டுகிறேன்.

திருவையாற்று ஓய்வு பெற்ற ஆசிரியர்:

தம்பி, எனக்கும் வெங்கட்டைப் பிடிக்கும். ஆனால் பிடிப்பது வேறு, வரிசைப்படுத்துவது வேறு. பேடி 67 டெஸ்ட்டில் 266 விக்கெட், சந்திரசேகர் 58 டெஸ்ட்டில் 242, பிரசன்னா 49 டெஸ்ட்டில் 189. வெங்கட் 57 டெஸ்ட்டில் 156. ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன் என்று பார்த்தால், மற்ற மூவரின் சராசரியும் 28-க்கும் 31-க்கும் இடையில் நிற்க, இவருடையது 36-ஐத் தாண்டிவிட்டது. நீங்கள் சொல்லும் டெல்லி டெஸ்ட் நடந்தபோது பிரசன்னா பொறியியல் படிப்பை முடிப்பதற்காக அணியிலிருந்து விலகியிருந்தார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. திரும்பி வந்தவர் 1967–68 பருவத்தில் ஆஸ்திரேலியாவில் 25 விக்கெட்டும், அங்கிருந்து நேரே சென்ற நியூசிலாந்தில் 24 விக்கெட்டும் எடுத்தார். சுழல் பந்துக்கு உதவாத வெளிநாட்டு ஆடுகளங்களில், எட்டே டெஸ்ட்டில் 49 விக்கெட் என்பதற்கு நிகராக வெங்கட்டிடம் எதைக் காட்டுவீர்கள்?

மன்னார்குடி விவசாயி:

ஐயா, மன்னிக்க வேண்டும், 1971-ஐக் காட்டுவேன். அந்த ஆண்டு மேற்கிந்தியத் தீவுகளில் நாம் முதன்முறையாகத் தொடரை வென்றபோது இந்தியப் பந்துவீச்சாளர்களில் அதிக விக்கெட் எடுத்தவர் வெங்கட்ராகவன்தான், 22 விக்கெட். போர்ட் ஆஃப் ஸ்பெயினில் கிடைத்த அந்த வெற்றியில், லாயிடையும் சோபர்ஸையும் வீழ்த்திய நம் சுழல்பந்து வீச்சாளர் துரானியின் இரண்டு விக்கெட்டுகளை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே இன்னிங்ஸில் 95 ரன்களுக்கு 5 விக்கெட் எடுத்தவர் யார் என்று கேட்டால் பதில் வருவதில்லை. அடுத்து இங்கிலாந்துக்குப் போனபோது, பிரசன்னா அணியில் இருந்தும் மூன்று டெஸ்ட்டிலும் வெங்கட்டுக்கே இடம் கிடைத்தது. அவர் வெறும் மாற்று ஆளாக இருந்திருந்தால் அப்படி நடந்திருக்குமா?

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. முறை வைத்துத் தண்ணீர் விடும் ஆண்டில் கடைமடைக்காரனின் விளைச்சலைத் தலைமடைக்காரனின் விளைச்சலோடு வைத்து அளக்க மாட்டோம். வெங்கட் கடைமடையில் நின்றவர். பட்டோடி தலைவராக இருந்தால் பிரசன்னா, வாடேகர் வந்தால் வெங்கட் என்று முறை மாறி மாறி வந்ததே தவிர, இந்த இடம் உனக்குத்தான் என்று அவரிடம் ஒருவரும் சொன்னதில்லை. 1974-இல் பட்டோடிக்குக் காயம் என்று டெல்லி டெஸ்ட்டுக்கு அவரைத் தலைவராக்கினார்கள். அடுத்த கல்கத்தா டெஸ்ட்டில் அதே மனிதரைப் 12-ஆவது ஆளாக உட்கார வைத்தார்கள். 1979 இங்கிலாந்துப் பயணம் முடிந்து திரும்பும்போது, தலைவர் பதவி கவாஸ்கருக்குப் போய்விட்ட செய்தியை விமான ஓட்டியின் அறிவிப்பிலிருந்துதான் அவர் தெரிந்துகொண்டார் என்பார்கள்.

திருவையாற்று ஓய்வு பெற்ற ஆசிரியர்:

உவமை அழகாக இருக்கிறது, கணக்குத்தான் இடிக்கிறது. 57 முறை தண்ணீர் பாய்ந்த வயலைக் கடைமடை என்றும், 49 முறை பாய்ந்த வயலைத் தலைமடை என்றும் சொல்கிறீர்களே. அவமதிக்கப்பட்டார் என்பதை ஒப்புக்கொள்கிறேன், அதற்காக வருந்துகிறேன். ஆனால் அவமதிப்பு என்பது விக்கெட் கணக்கில் சேராது.

வலங்கைமான் ஆஃப் ஸ்பின்னர்:

இருவருமே விக்கெட்டை மட்டும் எண்ணுகிறீர்கள். நான் இந்த வட்டாரத்தில் இருபது ஆண்டு ஆஃப் ஸ்பின் போட்டவன். மேட்டிங் விரித்த ஆடுகளத்திலும் போட்டிருக்கிறேன், அறுவடை முடிந்து வெடித்துக் கிடக்கும் களிமண் வயலில் டென்னிஸ் பந்திலும் போட்டிருக்கிறேன். அந்தச் சிறிய அனுபவத்திலிருந்து ஒன்று சொல்லலாம். பிரசன்னா பந்தைக் காற்றில் மிதக்கவிட்டு, அது எங்கே விழும் என்பதிலேயே மட்டையாளரை ஏமாற்றுபவர். ஏமாந்தவன் கிரீஸை விட்டு வெளியே நிற்பான். வெங்கட் உயரமானவர். உயரத்திலிருந்து சற்று வேகமாக, தட்டையாக, ஒரே இடத்தில் விழும்படி போடுபவர். இந்த வகைப் பந்துவீச்சுக்குப் பிட்ச்சின் எழுச்சி வேண்டும், மட்டைக்கு அருகில் பயமில்லாமல் நிற்கும் ஃபீல்டரும் வேண்டும். தலைக்கவசம் இல்லாத அந்தக் காலத்தில் மட்டையாளருக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஷார்ட் லெக்கில் நம் ஃபீல்டர் சோல்கர் அவ்வளவு நெருங்கி நின்றார் என்றால், பந்து குட்டையாக விழுந்து தன் முகத்தைப் பெயர்க்காது என்று வீசுபவனை நம்பித்தானே நின்றிருக்க வேண்டும்?

1971 ஓவல் டெஸ்ட்டின் இரண்டாவது இன்னிங்ஸில் இங்கிலாந்து 101 ரன்களுக்கு ஆட்டமிழந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். சந்திரசேகர் 38 ரன்களுக்கு 6 விக்கெட் எடுத்தார். அந்த நாள் அவருடையது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஆலன் நாட் அடித்த பந்தைச் சோல்கர் முன்னால் பாய்ந்து பிடித்தது வெங்கட்டின் பந்துவீச்சில். அன்று நிலைத்து நின்று 33 ரன் எடுத்திருந்த லக்ஹர்ஸ்ட், சந்திராவின் பந்தில் ஸ்லிப்பில் நின்ற வெங்கட்டிடம் பிடி கொடுத்தார். அந்தப் பிடி சந்திராவின் ஆறில் ஒன்றாகப் பதிவாகியிருக்கிறது; வெங்கட்டின் 156-இல் அது வராது. டெஸ்ட்டில் அவர் பிடித்தவை 44. சந்திராவும் பேடியும் போடும்போது மட்டைக்கு அருகில் நின்ற அந்தக் கைகளுக்கு நீங்கள் வைத்திருக்கும் சராசரியில் இடமில்லை, ஐயா.

இருந்தாலும் ஒரே ஆஃப் ஸ்பின்னர் என்றால் நான் பிரசன்னாவைத்தான் எடுப்பேன். நல்ல மட்டையாளரை, நல்ல ஆடுகளத்தில், உதவி எதுவும் இல்லாமல் வீழ்த்த வேண்டிய நேரத்தில் அவரிடம் இன்னொரு பந்து இருந்தது. வெங்கட்டிடம் இருந்தது அதே நல்ல பந்து, மீண்டும் மீண்டும்.

மன்னார்குடி விவசாயி:

அந்த "மீண்டும் மீண்டும்" என்பதைத்தான் குறையாகச் சொல்கிறீர்களா, அண்ணா? முதல்தர ஆட்டங்களில் 1390 விக்கெட் அப்படி வந்ததுதானே. மற்ற மூவரும் 1979-க்குள் டெஸ்ட்டிலிருந்து ஓய்ந்துவிட, இவர் 1983 வரை ஆடினார். 38 வயதை நெருங்கும்போது மேற்கிந்தியத் தீவுகளில் போய்ப் பந்து வீசி அவர் கெடுத்துக்கொண்ட சராசரியை, 1978-லேயே நின்றுவிட்ட பிரசன்னாவின் சராசரியோடு ஒப்பிடுவது நியாயமாகப் படவில்லை.

திருவையாற்று ஓய்வு பெற்ற ஆசிரியர்:

இது வலுவான வாதம், ஏற்கிறேன். இடைவெளி சற்றுக் குறையலாம். மறையாது.

பாபநாசத்து வாசகன்:

அனைவருக்கும் நன்றி. ஸ்லிப் பிடிகளைப் பற்றி நான் எண்ணியே பார்த்ததில்லை. மன்றத்தில் இன்று மாலை மறுபடியும் பேசினோம். அச்சகத்துக்கு நாளை கொடுத்தாக வேண்டும். இரு தரப்புக்கும் பொதுவாக, பிரசன்னாவைப் பதினொருவரில் சேர்த்துவிட்டு, வெங்கட்ராகவனைப் 12-ஆவது ஆளாக அடியில் போடலாம் என்று செயலாளர் சொல்கிறார். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

மன்னார்குடி விவசாயி:

தம்பி, 1974-இல் கல்கத்தாவில் தேர்வுக் குழு செய்ததையே பாபநாசத்தில் நீங்களும் செய்யப் போகிறீர்களா? உள்ளே போடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் மட்டும் வேண்டாம்.

பாபநாசத்து வாசகன்:

படித்ததும் சுருக்கென்றது, அண்ணா. 12-ஆவது வரியை எடுத்துவிட்டோம். பதினொருவரில் பிரசன்னாதான் இருக்கிறார். எதிர்ப்பக்கம் காலியாக இருக்கிறது. வெங்கட்டைப் பற்றி ஒரு பக்கம் நீங்களே எழுதித் தர முடியுமா? காலை பத்து மணிக்குள் வந்தால் சேர்த்துவிடலாம்.