தீமிதிக்குக் கட்டை ஏற்றப் போன கதை, உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்

லயத்துப்பையன்:
ரொம்ப நாளாக உறுத்துகிறது, அதனால் எழுதுகிறேன். ஊர் மலேசியாவில், சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயா. 2007ல் பெயரை மாற்றினாலும் எங்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அப்பா தோட்டத்து மாரியம்மன் கோயில் பொருளாளர். எனக்குச் சாமி நம்பிக்கை விட்டுப்போய் ஆறேழு வருடம் இருக்கும். ஏன் விட்டது என்பதெல்லாம் இங்கே வேண்டாம், உங்களுக்குத் தெரிந்த கதைதான்.

அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். பத்துமலைக்கு நான் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். மாட்டேன் என்றேன். அந்த வருடமே போய்விட்டார். கருமாதிப் பந்தலில் அப்பா, "நீ அந்த 272 படி ஏறியிருந்தா அவ இருந்திருப்பா" என்றார். நானும் சும்மா இல்லை. "இருபது வருசமா கோயில் கணக்கு எழுதுறீங்களே, உங்க ஆத்தா என்ன கணக்குப் பார்த்தா?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டுவிட்டேன். அதோடு பேச்சு நின்றது. ஒரே வீடு, இரண்டு சோற்றுப் பானை.

போன ஆடியில் தீமிதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அப்பா என் அறை வாசலில் வந்து நின்று, என்னைப் பார்க்காமல் கதவைப் பார்த்து, "கட்டை ஏத்த லோரி வேணும்" என்றார். போனேன். எல்லாம் பழைய பால்மரக் கட்டை. இறக்கி முடிக்க இரவு மணி ஒன்பது. அப்பா வேலை செய்தவர்களுக்கு வரிசையாகத் திருநீறு பூசிக்கொண்டே வந்தார். என் முறை வந்ததும் அவர் கட்டைவிரல் என் நெற்றிக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது. பின்னால் இருந்த பையன் இருமும் அளவுக்கு நின்றது. அப்புறம் விரலில் இருந்ததைத் தட்டில் உதறாமல், ஒரு பேப்பர் துண்டில் வழித்து மடித்து, லோரி டேஷ்போர்டில் வைத்துவிட்டு, "தே ஓ குடிக்கிறியா?" என்றார்.

பொட்டலம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. பூசவும் இல்லை, வீசவும் இல்லை.

கோலசிலாங்கூர் அக்கா:
தம்பி, எங்கள் வீட்டில் கோயில் இல்லை, சபை. மகன் பதினேழு வயதில் இனி வரமாட்டேன் என்றான். நான் பாஸ்டரை வீட்டுக்கே கூப்பிட்டு அவன் தலையில் கை வைத்து ஜெபிக்கச் சொன்னேன். பையன் அசையாமல் உட்கார்ந்திருந்தான், முன்னால் வைத்த மைலோ ஆடை கட்டிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் அந்த மைலோதான் கண்ணில் நிற்கிறது. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டீர்களா? கேட்காமல் எப்படி ஆறும்? அம்மா திவசத்தன்று நீங்களே போய் வாழை இலை வெட்டி வாருங்கள். பெரியவருக்குச் சுகர் இருந்தால் பாலும் சீனியும் போடாமல் தே ஓ கோசோங் கலக்கிக் கொடுங்கள். வீட்டில் உட்கார்ந்து பேசாதீர்கள், லோரியில் கூட்டிப்போய்ப் பேசுங்கள், இருவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் முகம் பார்க்கும் சங்கடம் இல்லை. அந்தப் பந்தலில் இருந்த பத்துப் பேரில் பெரியவர் யாராவது இருந்தால் அவரையும் வைத்துக்கொள்வது நல்லது.

கறுப்புச்சட்டை பேரன்:
அக்கா, பத்துப் பேரை மறுபடியும் கூட்டவா? முதலில் தப்பு அப்பாவுடையது. சிறுநீரகம் போனவருக்குப் பால்குடம் என்ன செய்யும்? மகன் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்?

என் தாத்தா, 1954ல் பெரியார் மலாயா வந்தபோது கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, சுவரில் இருந்த சாமி படங்களைக் கழற்றிவிட்டாராம். பாட்டி மறுநாளே அத்தனையையும் அடுப்படியில் மாட்டிவிட்டார். நான் பார்க்க, தாத்தா அடுப்படிக்குள் நுழையும் முன் வாசலிலேயே இருமுவார். பாட்டி கும்பிட்டுக்கொண்டிருந்தால் முடிக்கட்டும் என்று. கேட்டால், "தொண்டை சரியில்லடா" என்பார். கடைசி வரை அந்தத் தொண்டை சரியாகவே இல்லை.

லயத்துப்பையன்:
அண்ணே, அப்பாவைத் திட்டுவதற்கு இதை எழுதவில்லை. அன்றைக்கு அவருக்கு அம்மா போனதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, கைக்கெட்டும் தூரத்தில் நான் இருந்தேன். எனக்கு ஆத்தா கிடைத்தாள். கட்டை இறக்கும்போதுதான் இது தோன்றியது, தோள் வலியில் பாதி மறந்தும் போச்சு.

அக்கா, மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. இப்போது ஒரே பானைதான். சுகர் இருக்கிறது, கோசோங்தான் கலக்குகிறேன். சரி, உங்கள் மகன் வீட்டுக்கு வருகிறானா?

கோலசிலாங்கூர் அக்கா:
கிறிஸ்துமஸுக்கு வருவான். ஜெபம் தொடங்கினால் எழுந்து போய் நாய்க்குச் சோறு வைப்பான். போன வருடம் நான் ஜெபத்தைச் சுருக்கிக்கொண்டேன், கோழிக்கறி ஆறிவிடுகிறது என்று சொல்லி. நாய் பாதிச் சோற்றில் இருக்கும்போதே அவனைக் கூப்பிட்டுவிட்டேன்.