மறுமொழி: ராபர் ட்ரெஞ்ச் - தமிழ்ல என்ன சொல்லலாம்?

> அகழாய்வு அறிக்கைய தமிழ்ல எழுதும்போது ராபர் ட்ரெஞ்சுக்கு (robber trench, பழைய செவத்துக் கல்ல எடுக்கத் தோண்டுன குழி) "கொள்ளையர் அகழி"ன்னு போடலாமா?

வணக்கம் அண்ணாச்சி,

கொள்ளையர் அகழி வேண்டாம். அகழின்னா கோட்டையச் சுத்தி வெட்டுன பள்ளம்தான, உதயகிரிக் கோட்டையப் பத்தின கட்டுரையில இந்தச் சொல்லு வந்தா வாசிக்கவங்க வேற எடத்துக்குப் போயிருவாங்க. கொள்ளையரும் சரிவராது. புதையல் இருக்குன்னு பாழடைஞ்ச கோயில்ல ராத்திரி தோண்டுறாங்கல்லா, அந்தக் குழியத்தான் எல்லாரும் நெனப்பாங்க.

ராபர் ட்ரெஞ்சுங்கறது செவரு போன பெறகு அடியில கெடந்த கல்லையும் செங்கல்லையும் வேற கட்டடத்துக்கு எடுத்துட்டுப் போன தடம். கங்கைகொண்ட சோழபுரத்துல கோயில் மதில் கல்ல 1836ல கீழணை கட்ட பிரிச்சுக் கொண்டு போனாங்க, மாளிகைமேட்டுல அரண்மனைச் செங்கல்ல ஊர்க்காரங்க வீடு கட்ட எடுத்திருக்காங்க, வீடு கட்டுனவங்கள கொள்ளையர்னு அறிக்கையில எழுத எனக்கு மனசு வரல.

நம்ம கொத்தனாருங்க அஸ்திவாரத்துக்குத் தோண்டுறத வானம் மாந்துறதுன்னுதான சொல்லுகாங்க? அதையே எடுத்துக்கலாம். செவரு கட்டத் தோண்டுனது கட்டு வானம், பொறவு கல்ல எடுக்கத் தோண்டுனது எடுப்பு வானம். ரெண்டும் ஒரே எடத்துலதான் இருக்கும், ஆனா காலம் வேற, அதனால சோடியா ரெண்டு சொல்லு கண்டிப்பா வேணும். எடுப்பு வானத்த நெறச்சுக் கெடக்க மண்ணு பொலபொலன்னு இருக்கும், சுண்ணாம்புச் சாந்து, ஒடஞ்ச செங்கல், பிந்தின காலத்துப் பானையோடு எல்லாம் கலந்து கெடக்கும். அதுக்குள்ள திருவிதாங்கூர் சக்கரம் ஒண்ணு கெடச்சா, அந்தக் காசு அடிச்ச பெறகுதான் குழி மூடியிருக்குன்னு அர்த்தம், செவரு அதுக்கும் ரொம்ப முந்தினதா இருக்கலாம். இதப் பிரிக்காம எழுதுனா சோழர் காலச் செவர கொண்டு போய் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா காலத்துல வச்சிருவோம். அதும் நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுல கல்குளம், விளவங்கோடு பக்கம் கட்டுனதும் வெட்டுகல்லு (செம்பூராங்கல்லு), சுத்தி உள்ள மண்ணும் செம்மண்ணு, நெறத்த வச்சு கண்டுபிடிக்கது ரொம்ப கஷ்டம், தோண்டுற கரண்டி எறங்குற பதத்ததான் நம்பணும்.

வானம்னா ஆகாயம்னு மத்த ஜில்லாக்காரங்க கொழம்புவாங்கன்னு சொல்லலாம். மதுரப் பக்கமும் வானம் தோண்டுறதுன்னு சொல்லுற வழக்கு இருக்கு, முன்னால ஒரு சொல்லு சேந்து வரும்போது கொழப்பம் வராது.

---

அண்ணாச்சியோட பதில்:

மக்கா, வானம் நல்லாருக்கு, அத விட்டுராத. எடுப்பு மட்டும் மாத்தணும். எடுப்புன்னா எங்க வயசு ஆளுகளுக்கு எடுப்புக் கக்கூஸுதான் (ஆளு வந்து அள்ளிட்டுப் போற பழைய கக்கூஸு) முன்ன வந்து நிக்கும், சின்னப் பிள்ளைகளுக்கு எடுப்பா இருக்குன்னா அழகா இருக்குன்னு அர்த்தம். கல்ல இளக்கி எடுக்கதுன்னு நாம சொல்லுகோம்லா, அதனால "இளக்கிய வானம்"னு வைப்போம். கல்லு, செங்கல்லு, கட்டள (வாசல் நெல) மரம் எதுக்கும் சேரும், யார் எடுத்தா எதுக்கு எடுத்தாங்கற பழியும் அதுல இல்ல. கட்டு வானம் அப்படியே இருக்கட்டு.

குழியோட குறுக்குவெட்டுப் படத்துல இளக்கிய வானத்துக்குப் புள்ளிக்கோடு, கட்டு வானத்துக்கு முழுக்கோடு போட்டு ரெண்டு பேரையும் பக்கத்துல எழுது. அறிக்கையில முதல் தடவ வரும்போது மட்டும் ஒரு வரி வெளக்கம் குடு, போதும்.