இன்-இயர் ஹெட்போனை விற்க இருக்கும் நேரத்தில் இடப்பக்கம் ஒலி குறைகிறது: பழுது என்று சொல்லி விற்பதா, சரிசெய்து விற்பதா?

மண்டபத்தான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் உயர்தர இன்-இயர் ஹெட்போன் ஒன்று இருக்கிறது. ஒரு காதுக்கு நான்கு பேலன்ஸ்டு ஆர்மேச்சர் டிரைவர்கள் (ஒலியை உண்டாக்கும் நுண்ணிய பாகங்கள்). கழற்றி மாட்டும் எம்எம்சிஎக்ஸ் (அழுத்தி மாட்டும் சிறிய வட்ட இணைப்பி) கேபிள். துபாயில் இருக்கும் மச்சான் வாங்கிக் கொடுத்தது. ரசீதும் பெட்டியும் பத்திரமாக உள்ளன. நான் இப்போது புளூடூத்துக்கு மாறிவிட்டதால் இதை விற்க விளம்பரம் கொடுத்தேன். மதுரையிலிருந்து ஒருவர் விலை பேசியிருக்கிறார்.

அனுப்புவதற்கு முன் கேட்டுப் பார்த்தபோது, இடப்பக்கம் ஒலி குறைவாகவும் சற்று மங்கலாகவும் இருந்தது. கேபிளைக் கழற்றினால் இணைப்பியின் உலோக வளையத்தில் பச்சையாகக் களிம்பு தெரிகிறது. வீடு கடலை ஒட்டியது. கச்சான் காற்று கிளம்பிவிட்டால் ஜன்னல் கம்பிகூடப் பிசுபிசுக்கும் இடம். பழுது என்று சொல்லிப் பாதி விலைக்குத் தள்ளிவிடலாமா, சரிசெய்த பிறகு விற்கலாமா?

இன்னொன்று: வேறொருவர் பேரம் பேசாமல் முழுத் தொகைக்கே ஒப்புக்கொண்டு, முன்பணம் பெற ஸ்கேன் செய்யுங்கள் என்று ஒரு க்யூஆர் படம் அனுப்பியிருக்கிறார். அதை நம்பலாமா?

கீழக்கரை சர்வீஸ்

தம்பி, விலையைப் பிறகு பேசலாம். குறை எந்த இடத்தில் இருக்கிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். கைப்பேசியின் அமைப்புகளில் இட வல ஒலிச் சமநிலை நடுவில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இடப்பக்கத்துக் கருவியை வலக் காதிலும் வலப்பக்கத்ததை இடக் காதிலும் வைத்துக் கேளுங்கள். அப்போதும் இடக் காதிலேயே குறைவாகக் கேட்டால் பழுது ஹெட்போனில் இல்லை, காதில் அழுக்கு அடைத்திருக்கலாம். இப்படி வந்து "ரிப்பேர் பண்ணுங்க" என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குறை கருவியோடு சேர்ந்தே நகர்ந்தால், கேபிளின் இரு முனைகளையும் இடம் மாற்றி மாட்டுங்கள். காதைச் சுற்றும் வளைவு கோணலாக நிற்கும், சோதனைக்கு அது பரவாயில்லை. இப்போது குறை மற்றப் பக்கத்துக்குத் தாவினால் கேபிளோ அதன் முனையோ காரணம். தாவாமல் அதே கருவியில் நின்றால், காதுக்குள் நுழையும் முனைக்குழலின் வலையில் காது மெழுகு அடைத்திருக்கிறது, அல்லது உள்ளே டிரைவர் போயிருக்கிறது. ஷூர் நிறுவனத்தின் எஸ்இ846 போன்ற சில இன்-இயர் மாடல்களில் முனைக்குழலையே கழற்றி மாற்றலாம். மற்றவற்றில் குழலின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டித் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஊசி விடவே கூடாது. களிம்புக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் லேசாகத் தொட்டு இணைப்பியை மட்டும் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும்.

கோவை ஒலிப்பிரியர்

மேலே சொன்னதோடு ஒரு கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். களிம்பு ஏறினால் அந்த இணைப்பில் மின்தடை கூடும். 300 ஓம் மின்மறுப்புள்ள (இம்பீடன்ஸ்) பெரிய ஹெட்போனில் கூடுதலாக மூன்று ஓம் சேர்ந்தால் எவருக்கும் தெரியாது. பல டிரைவர் இன்-இயர்கள் அப்படியல்ல. எஸ்இ846-இன் மின்மறுப்பு 9 ஓம்தான். அதே மூன்று ஓம் அங்கே சேர்ந்தால் ஒலி ஏறத்தாழ 2.5 டெசிபெல் குறைந்துவிடும். அதோடு, ஆர்மேச்சர் டிரைவர்களின் மின்மறுப்பு ஸ்தாயிக்கு ஸ்தாயி மாறுவதால் எல்லா ஸ்தாயியும் ஒரே அளவில் குறைவதில்லை. ஒலியின் நிறமும் திரிகிறது. உங்களுக்கு மங்கலாகக் கேட்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். பாம்பன் பாலத்து இரும்பையே தின்னும் காற்று, கடுகளவு இணைப்பியை விட்டுவைக்குமா? ஆகையால் டிரைவர் போய்விட்டது என்று முடிவுகட்டிப் பாதி விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

தொண்டிக்காரன்

க்யூஆரைத் தொடாதீர்கள். யூபிஐயில் பணம் பெறுவதற்கு ஸ்கேனும் தேவையில்லை, பின் எண்ணும் தேவையில்லை. ஸ்கேன் செய்து பின் எண்ணை அழுத்தினால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும். பேரம் பேசாத ஆளைக் கண்டாலே எனக்குச் சந்தேகம் வரும். யாரேனும் ஏற்கெனவே ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

மண்டபத்தான்

அனைவருக்கும் நன்றி. கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்னபடியே மாற்றி மாற்றிப் பார்த்தேன். கேபிள் முனைகளை இடம் மாற்றியதும் குறை வலப்பக்கத்துக்குத் தாவிவிட்டது. துடைத்த பிறகு இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகிவிட்டது. ஆனால் களிம்பு இருந்த முனையை விரலால் சுழற்றினால் கரகரவென்று சத்தம் வந்து ஒலி விட்டு விட்டுக் கேட்கிறது. மற்ற முனையில் அந்தத் தொல்லை இல்லை. க்யூஆர் அனுப்பியவரைத் தடுத்துவிட்டேன். மதுரைக்காரரிடம் இதை எப்படிச் சொல்வது, என்ன விலை கேட்பது?

கீழக்கரை சர்வீஸ்

அப்படியானால் அந்த முனையின் பிடிப்பு தளர்ந்துவிட்டது. எம்எம்சிஎக்ஸ் சுழலும் இணைப்பி என்பதால் நாளடைவில் அது தேய்வது இயல்பே. கேபிளைத்தான் மாற்ற வேண்டும். கழற்றும்போது கேபிளைப் பிடித்து இழுக்காமல், நகத்தை இடுக்கில் கொடுத்து நேராக நெம்ப வேண்டும் என்பதை வாங்குபவருக்கும் சொல்லிவிடுங்கள்.

கோவை ஒலிப்பிரியர்

நான் உங்கள் இடத்தில் இருந்தால் சாதாரணமான புதிய கேபிள் ஒன்றை மாட்டி விற்பேன். பழையதைத் தனி உறையில் போட்டு, "இடப்பக்க முனை தளர்ந்தது" என்று எழுதிச் சேர்த்து அனுப்புவேன். காது உறைகளைப் பழையதாகக் கொடுக்க வேண்டாம். ஒரு ஜோடி புதிய சிலிக்கான் உறையின் விலை அற்பம். பிறர் காதிலிருந்து வந்ததை மாட்டிக்கொள்ள எவரும் விரும்பமாட்டார்.

விலையை மச்சான் கொடுத்த தொகையிலிருந்து கணக்கிடாதீர்கள். அதே மாடல் இன்று புதிதாக என்ன விலைக்குக் கிடைக்கிறதோ, அதுதான் வாங்குபவரின் மனத்தில் இருக்கும் கணக்கு. துபாய் ரசீதால் உத்தரவாதத்துக்குப் பயன் இருக்கிறதா என்பதை அட்டையில் பார்த்து எழுதுங்கள். பயன் இல்லாவிட்டாலும், போலிகள் மலிந்த சந்தையில் சரக்கு அசல் என்று காட்ட அந்த ரசீது உதவும். ரசீதில் உள்ள கைப்பேசி எண்ணை மறைத்துவிட்டுப் படம் எடுங்கள். முனைக்குழலின் வலை, இரு இணைப்பிகள், வரிசை எண் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் கிட்டத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள். எந்தக் கருவியில் கேட்டுச் சோதித்தீர்கள் என்பதையும் எழுத வேண்டும். மின்மறுப்பு குறைந்த இன்-இயர்கள் ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு மின்தடைக்கு ஏற்ப ஒலி மாறுபவை. தம் வீட்டுக் கருவியில் வேறு மாதிரி கேட்கிறது என்று அவர் பின்னால் குறைப்பட்டுக்கொள்ள இடம் வைக்காதீர்கள்.

தொண்டிக்காரன்

மதுரை ரயிலில் போய்வரும் தூரம்தான். ஆளை நேரில் சந்தித்து, அவருடைய கைப்பேசியிலேயே மாட்டிக் கேட்கவைத்து, பணம் உங்கள் கணக்கில் ஏறியதைப் பார்த்துவிட்டுக் கொடுப்பதே நல்லது. பார்சலாக அனுப்புவதென்றால் காப்பீட்டுடன் விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். இதில் பேட்டரி இல்லாததால் புளூடூத் சாமான்களுக்குக் கேட்கும் லித்தியம் கேள்விகள் இதற்கு எழா. சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டு டப்பாவை இறுக மூடுங்கள்.

மண்டபத்தான்

புதிய கேபிளுக்குச் சொல்லிவிட்டேன். தளர்ந்த முனையின் படத்தை மதுரைக்காரருக்கு அனுப்பியதும், பழைய கேபிளையும் சேர்த்தே கொடுங்கள், தாமே பற்றவைத்துக்கொள்வதாகக் கூறினார். கேபிள் வந்ததும் ஞாயிற்றுக்கிழமை மதுரை ரயில் நிலையத்தில் சந்திப்பதாகப் பேசியிருக்கிறோம்.