கொங்கிறீற்றில் தாவோ கோயில்: வளைகூரையும் கடல் உப்பும்

வரைமேசை:
வடிவமைப்புப் பயிற்சிக்குத் தாவோ எண்ட சீனச் சமயத்தின் கோயில் மண்டபம் ஒன்று கீறுறன். இடம் யாழ்ப்பாணம் நாவாந்துறைக் கரை, அகலம் 8 மீற்றர், முழுக்கக் கொங்கிறீற். கூரையை வட்டவில்லாய்க் கீறினால் பஸ் தரிப்பிடம் மாதிரித் தெரியுது. சீனக் கோயில்களில் தூணுக்கு மேலை அடுக்கிற 'தோகொங்' கட்டைகளும் வேணுமோ?

முகட்டுவளை:
சீனக் கோயில் கூரை வட்டவில் இல்லை, முறிச்சு முறிச்சுப் போற நேர்கோடுகள். 1103இல் சீனாவின் சோங் அரசு வெளியிட்ட கட்டட விதிநூலில் கணக்கு இருக்கு. முன், பின் இறப்பு (கூரையின் கீழ் விளிம்பு) வளைகளுக்கு, அதாவது கூரையைத் தாங்குற கிடைச் சட்டங்களுக்கு, இடைத்தூரம் 8 மீற்றர் எண்டால், முகட்டு உயரம் அதிலை காற்பங்குக்குச் சற்று மேலை. பெரிய மாளிகைக்கு மூன்றிலொன்று. 2 மீற்றர் எண்டு எடுப்பம். முகட்டிலிருந்து இறப்புக்கு நூல் பிடியுங்கோ. மீற்றருக்கு ஒரு வளை. முதலாவதை நூலிலிருந்து உயரத்தின் பத்திலொன்று, அதாவது 200 மி.மீ. இறக்குங்கோ. அந்தப் புள்ளியிலிருந்து இறப்புக்குப் புது நூல். அடுத்ததை 100 இறக்குங்கோ, பிறகு 50. உயரங்கள் 2000, 1300, 767, 333, 0 எண்டு வரும். சாய்வு உச்சியில் 35 பாகை, அடியில் 18.

அந்த 18 பாகைதான் வில்லங்கம். மாரியில் வாடைக்காற்றோடை மழை அடிக்கேக்கை தண்ணி ஓட்டுக்குக் கீழாலை மேலே ஏறும். ஓடுகளை அழகுக்கு எண்டு வைச்சுக்கொண்டு, கீழை இருக்கிற கொங்கிறீற்றுத் தட்டுக்கே தண்ணி தடுக்கிற பூச்சுப் போடுங்கோ.

சீமெந்துக்கை:
தட்டு வார்க்கேக்கை 35 பாகையில் கீழ்ப்பலகை மட்டும் போட்டால் கலவை வழுகிவரும், கம்பியைச் சுத்தி ஓட்டை விழும். மேற்பலகையும் வேணும், இறுக்கமான கலவையை அடியிலிருந்து உச்சிக்குப் போடவேணும். கம்பிக்குக் கவர் (கம்பியை மூடுற கொங்கிறீற்றின் தடிப்பு) 50 மி.மீ. கரையோரக் கிணற்றுத் தண்ணி உவர். அதிலை கலவை குழைக்கவே கூடாது, கடல்மணலும் வேண்டாம். உப்பிலை இருக்கிற குளோரைட் உள்ளுக்கை போனால் கம்பி துருப்பிடிச்சு, பருத்து, கொங்கிறீற்றைப் பிளக்கும். இறப்பின் அடியில், விளிம்பிலிருந்து 25 மி.மீ. உள்ளே தள்ளி தண்ணி சொட்டி விழ ஒரு நீர்வெட்டுக் காடி (சின்னப் பள்ளக்கோடு) எடுக்காட்டில் தண்ணி சுவருக்கு ஓடும்.

தோகொங் வேண்டாம் எண்டுதான் சொல்லுவன். மரக்கோயிலில் (சிங்கப்பூர் தியன் ஹொக் கெங், 1839–42) அது கூரைப் பாரத்தைத் தூணுக்குக் கடத்தி இறப்பை வெளியே நீட்டுற உறுப்பு. கொங்கிறீற்றில் தட்டே அந்த வேலையைச் செய்யும். பிறகு வார்த்து ஒட்டினால் சும்மா பாரம், ஒவ்வொரு இடுக்கிலும் உப்பு, புறாக்கூடு. விடமாட்டன் எண்டால் தட்டோடை சேர்த்தே வார்க்கவேணும். பூட்டிறதெண்டால் துருப்பிடியாத உருக்கு ஆணி.

வரைமேசை:
நன்றி அண்ணை. சாம்பிராணிப் புகை?

நாற்சார்:
பெரிய தூபச்சட்டி மண்டபத்துக்குள்ளை வேண்டாம், வெளி முற்றத்தில் வையுங்கோ. எங்கடை நாற்சார் வீட்டு முற்றம் போல நடுவிலை வானம் திறந்த முற்றம் சீனக் கோயில்களிலையும் இருக்கு. புகை போறது அதாலைதான். முழுக்க மூடின மண்டபம் எண்டால் ஹொங்கொங் வொங் தாய் சின் கோயிலைப் பாருங்கோ: 2011இல் திறந்த நிலக்கீழ் மண்டபத்தில் மின்முறைத் தூபம். காணிக்கைத் தாள் எரிக்கிற உலையை இறப்புக்குக் கீழை வைச்சிடாதேங்கோ, தனியாக் கட்டுங்கோ.

வாசலையும் கவனியுங்கோ. வெளியிலிருந்து கோயிலைப் பார்த்து நிக்கேக்கை, கும்பிட வாறவை தங்கடை வலப்பக்கக் கதவால் உள்ளே வந்து இடப்பக்கத்தால் வெளியேறுவினம், நடுக்கதவு தெய்வத்துக்கு. வாசற்படிக் கட்டையை மிதிக்கமாட்டினம், கடப்பினம். அதனாலை சக்கரக்கதிரைச் சாய்தளத்தை வலப்பக்கக் கதவுக்கு வைச்சு, அந்தக் கட்டையைக் கழற்றக்கூடியதாய்ச் செய்யுங்கோ.