ரேம் கூட்டியபின் ரெண்டரில் நீலத்திரை: புது ரேம் பழுதா?

கேள்வி

வணக்கம். ரைசன் 5 3600, பி450 போர்டு, விண்டோஸ் 10. இதுவரை 8 ஜிபி ரேம் இரண்டு இருந்தன (டிடிஆர்4, வேகம் 3200, தாமத எண் சிஎல்16), ஒரு குறையும் இல்லை. வீடியோ எடிட்டிங்குக்குப் போதவில்லை என்று அதே வேகத்தில், அதே சிஎல்16-இல், வேறு கம்பெனி 8 ஜிபி இரண்டு வாங்கி நாலு ஸ்லாட்டையும் நிரப்பியிருக்கிறது. 32 ஜிபி சரியாகக் காட்டுகிறது. ஆனால் ரெண்டர் போட்டால் பாதியிலேயே நீலத்திரை (விண்டோஸ் நின்றுபோய்க் காட்டும் பிழைத்திரை). ஒருமுறை மெமரி மேனேஜ்மென்ட், இன்னொருமுறை ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்குவல், சில சமயம் பேஜ் ஃபால்ட். பிரவுசர் டேப்களும் தானாக மூடிக்கொள்கின்றன. விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் ஓட்டினால் பிழை இல்லை என்கிறது. பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமைப் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆனில் இருக்கிறது. ரேமைக் கடையில் மாற்றலாமா?

பதில் 1

இப்போதைக்குக் கடைக்குப் போக வேண்டாம். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயரில் நீலத்திரை வருவதால் மெமரி மேல்தான் சந்தேகம் போகிறது. டிரைவர் கோளாறாக இருந்தால் பெரும்பாலும் ஒரே பெயர், ஒரே ஃபைல் திரும்பத் திரும்ப வரும்.

ஆனால் மெமரிக் கோளாறு வேறு, பழுதான ரேம் வேறு. பெட்டியில் போட்டிருக்கும் 3200 என்பது அந்த ஜோடியை மட்டும் சோதித்துத் தந்த வாக்குறுதி. இன்னொரு ஜோடியோடு சேர்ந்தும் அதே வேகத்தில் ஓடும் என்று யாரும் சொல்லவில்லை. 3600 போன்ற ப்ராசசருக்கு ஏஎம்டியின் கணக்கே இதுதான்: இரண்டு ரேம் என்றால் 3200, நாலு ஸ்லாட்டும் நிரம்பி எல்லாம் சிங்கிள் ரேங்க் (ரேமில் சிப்கள் ஒரே தொகுதியாக இருப்பது) என்றால் 2933, டூயல் ரேங்க் (இரண்டு தொகுதி) என்றால் 2667. அதற்கு மேல் ஓடினால் அது ஓவர்க்ளாக்தான். ரேங்க் எது என்பதை சிபியு-இசட் மென்பொருளில் எஸ்பிடி டேபில் ஸ்லாட் வாரியாகப் பார்க்கலாம்.

பதில் 2

மேலே சொன்னது சரி. சோதிக்கும் முறையைச் சொல்கிறேன்.

முதலில் புது ரேம் இரண்டையும் கழற்றிவிட்டு, பழைய ஜோடியில் மட்டும் ஓட்டி பேக்கப் எடுங்கள். நாலும் மாட்டிய நிலையில் காப்பி செய்தால் ஃபைல் போகும் வழியிலேயே கெட்டுப்போகலாம். கழற்றும் முன் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) ஸ்விட்சை அணைத்து, பிளக்கை உருவி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மீதி மின்சாரத்தை வடியவிடுங்கள். கேபினெட் இரும்பைத் தொட்டபிறகு ரேமைத் தொடுங்கள்.

விண்டோஸ் டயக்னாஸ்டிக் சொல்வதை நம்ப வேண்டாம், அதில் தப்பிவிடும் பிழைகள் நிறைய. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருள் இலவசம், பென்டிரைவில் ஏற்றி பூட் செய்யுங்கள். பூட் ஆகவில்லையென்றால் பயாஸில் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டியிருக்கும். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் அதற்கு முன்பே ரெக்கவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

புது ஜோடியை மட்டும் ஏ2, பி2 ஸ்லாட்டில் (ப்ராசசர் பக்கத்திலிருந்து இரண்டாவது, நான்காவது) மாட்டி, எக்ஸ்எம்பியோடு நாலு பாஸ் (முழுச் சுற்று) விடுங்கள். பிறகு பழைய ஜோடியையும் அப்படியே. கடைசியாக நாலையும் சேர்த்து. ஒரு பிழை வந்தாலும் அது தோல்விதான். "ஒண்ணுதானே" என்று விடக்கூடாது.

ஜோடி தனியாக இருக்கும்போதே பிழை வந்தால், எக்ஸ்எம்பியை அணைத்து ஒவ்வொரு ரேமாக ஏ2-வில் மட்டும் வைத்துச் சோதியுங்கள். பிழையில் காட்டும் மெமரி அட்ரஸை வைத்து எந்த ரேம் என்று கணிக்க முயலாதீர்கள்: டூயல் சேனலில் அடுத்தடுத்த அட்ரஸ்கள் இரண்டு ரேமுக்கும் பிரிந்து போகும். எக்ஸ்எம்பி இல்லாமலும் ஒற்றை ரேமில் பிழை வந்தால்தான் அது பழுது. அதைத் தாராளமாக மாற்றலாம்.

பதில் 3

கழற்றியதும் ரேமின் அடியில் உள்ள தங்கப் பல்லை அழிரப்பர் வைத்துத் தேய்த்துவிடுங்கள், பாதிக் கோளாறு அதிலேயே போகும்.

பதில் 2

ரப்பர் வேண்டாம். தங்க முலாம் மெல்லிய பூச்சு, தேய்க்கத் தேய்க்கக் குறையும். ரப்பர்த் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் அதுவே புதுத் தொல்லை. பஞ்சு பிசிறாத துணியில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாக உலரவிட்டு மாட்டினால் போதும்.

கேட்டவர்

சோதித்தாயிற்று. புது ஜோடி தனியாக 3200-இல் பிழையில்லை, பழைய ஜோடியும் அப்படியே. நாலும் சேர்ந்தால் முதல் பாஸிலேயே சிவப்பு வரிகள். எக்ஸ்எம்பியை அணைத்தால் நாலும் 2400-இல் சுத்தமாக ஓடுகின்றன. சிபியு-இசட்டில் எல்லாம் சிங்கிள் ரேங்க். டைமிங் (தாமத எண்கள்) பழைய ஜோடிக்கு 16-18-18-38, புதுசுக்கு 16-20-20-38.

பதில் 1

அப்படியானால் எந்த ரேமும் பழுதில்லை. சிஎல்16 என்பது டைமிங்கில் முதல் எண் மட்டும், மற்றவை இரண்டு ஜோடிக்கும் வேறு. எக்ஸ்எம்பி போட்டதும் போர்டு ஒரு ஜோடியின் கணக்கை நாலுக்கும் போட்டிருக்கும், இன்னொன்று அதற்கு ஈடுகொடுக்கவில்லை. தளர்வான (எண் பெரிய) டைமிங்கை நாமே போட்டுவிடலாம்.

பயாஸில் ரேம் வேகம் 2933, டைமிங் 16-20-20-38, டிராம் வோல்டேஜ் 1.35, கியர் டவுன் மோட் எனேபிள். எஃப்சிஎல்கே (ப்ராசசரின் உள் இணைப்பு வேகம்) ஆட்டோவில் இருந்தால் 1467 என்று தானே அமையும். வோல்டேஜில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்: எக்ஸ்எம்பியை அணைத்ததும் அது சத்தமில்லாமல் 1.20-க்கு இறங்கிவிடும், வேகத்தை மட்டும் கையால் ஏற்றினால் பழைய கதைதான். சேவ் செய்தபின் திரை சிறிது நேரம் கறுப்பாகவே இருக்கும், இரண்டு மூன்று தடவை தானே அணைந்து எழும்பும். மெமரி டிரெய்னிங் (போர்டு ரேமோடு ஒத்துப்போகப் பழகுவது) நடக்கிறது, பட்டனில் கை வைக்காதீர்கள். ஐந்து நிமிடமாகியும் படம் வரவில்லையென்றால் மட்டும் சிமாஸ் க்ளியர் (பயாஸ் செட்டிங்குகளை அழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது).

2933-க்கும் 3200-க்கும் உள்ள வித்தியாசம் எடிட்டிங்கில் கண்ணுக்குத் தெரியாது. 32 ஜிபி இருப்பது நன்றாகவே தெரியும்.

கேட்டவர்

2933-இல் இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓடியது, பிழை பூஜ்யம். ரெண்டரும் முடிகிறது. ஆனால் எடிட்டிங் மென்பொருள் மட்டும் திறக்கும்போதே சில நேரம் மூடிக்கொள்கிறது.

பதில் 2

மெமரி தடுமாறி ஓடியபோது டிஸ்கில் தவறாக எழுதப்பட்டவை இன்னும் அங்கேயே இருக்கும். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து விண்டோஸ் ஃபைல்களைச் சரிசெய்யும் கட்டளைகளை, முதலில் டிஸ்ம் ரீஸ்டோர்ஹெல்த் (DISM /Online /Cleanup-Image /RestoreHealth), அடுத்து எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் (sfc /scannow) என்று ஓட்டுங்கள். பிறகு எடிட்டிங் மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்து, அதன் கேஷ் ஃபோல்டரையும் அழித்து, இன்ஸ்டாலரைப் புதிதாக டவுன்லோட் செய்து போடுங்கள். நாலு ரேமோடு தடுமாறிய நாட்களில் சேமித்த வீடியோ, ப்ராஜெக்ட், ஜிப் எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். அது முடியும்வரை பழைய பேக்கப் மேல் எதையும் எழுத வேண்டாம்.