கலிபோர்னியா தொழிலாளர் இழப்பீடு: சமரசப் பேச்சில் எதிர்த்தரப்பு வக்கீல் பார்த்த சிக்கல்கள்

பதிவு:
காப்பீட்டு நிறுவனத்துக்காக வாதாடுபவர் கோப்பைத் திறந்ததும் தேட வேண்டியது ஒரு தேதி. தொழிலாளி கிளெய்ம் படிவம் கொடுத்ததிலிருந்து 90 நாளுக்குள் மறுக்காவிட்டால், காயம் வேலையால் வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். முடிவெடுக்கும்வரை 10,000 டாலர் வரை சிகிச்சைச் செலவையும் ஏற்க வேண்டும். கெடு நெருங்கிய பிறகு கோப்பு வந்தால் மேற்பார்வையாளரின் வாக்குமூலத்தை முதலில் வாங்குங்கள், மற்றதெல்லாம் பிறகு.

மறுமொழி:
'ஊனத்தில் பாதி வயதால் வந்தது' என்று மருத்துவர் ஒரே வரியில் முடித்திருந்தால் அதை நம்பித் தொகை கணக்கிடாதீர்கள். எப்படி, ஏன் என்று அவர் விளக்கியிருக்க வேண்டும் என 2005-இல் எஸ்கோபெடோ வழக்கில் தொழிலாளர் இழப்பீட்டு முறையீட்டு வாரியம் முழு அமர்வாகச் சொல்லிவிட்டது. விளக்கம் இல்லையென்றால் வயதின் பங்கென்று கழித்தது நிற்காது, முழுச் சுமையும் முதலாளி தலையில் விழும். எதிரில் இருக்கும் வக்கீலுக்கும் இது அத்துப்படி. சமரசத்துக்கு நாள் குறிக்கும் முன்பே கூடுதல் அறிக்கை கேட்டு எழுதிவிடுங்கள்.

மறுமொழி:
மத்தியஸ்தராக உட்கார்ந்து பார்த்தால், பேச்சு முறிவது பெரும்பாலும் பிடிவாதத்தால் அல்ல, தயாரிப்புக் குறைவால்தான். எதிர்கால சிகிச்சையையும் சேர்த்து ஒரே தொகையில் முடிக்க வேண்டுமா, சிகிச்சை உரிமையைத் திறந்தே வைத்து ஊனத்துக்கு மட்டும் ஒப்புக்கொள்வதா என்பதையே சில தரப்புகள் அங்கே வந்துதான் யோசிக்கின்றன. தொழிலாளி ஏற்கெனவே மெடிகேரில் (முதியோர், ஊனமுற்றோருக்கான மத்திய அரசு மருத்துவக் காப்பீடு) இருந்து, மொத்தத் தொகை 25,000 டாலரைத் தாண்டினால், சிகிச்சைக்கென ஒதுக்கும் பணத்தின் மதிப்பீட்டை மெடிகேர் பரிசீலனைக்கு அனுப்பலாம். அந்த மதிப்பீடு கையில் இல்லாமல் வந்தால் அன்று எதுவும் முடியாது.

அட்ஜஸ்டரின், அதாவது கிளெய்மைக் கையாளும் காப்பீட்டு நிறுவன ஊழியரின், அனுமதி வரம்பும் அப்படித்தான். வரம்பைத் தாண்ட மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும். அவர் நியூயார்க்கில் இருந்தால், லாஸ் ஏஞ்சலஸில் மதியம் இரண்டு மணிக்கே அங்கே ஐந்து. காலையிலேயே அவர் எண்ணைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி:
ஒன்று விட்டுப்போயிற்று. கிளெய்ம் மறுக்கப்பட்ட காலத்தில் தொழிலாளி மாநில உடல்நலக்குறைவு உதவித்தொகை வாங்கியிருந்தால், அதை வழங்கிய மாநிலத் துறை பணத்தைத் திரும்பக் கேட்கும். அதை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இருதரப்பும் கையெழுத்திட்டாலும் நீதிபதி ஒப்புதல் தராமல் ஒப்பந்தம் செல்லாது. தொகை போதுமானதா என்று அவர் பார்ப்பார், மருத்துவ அறிக்கைகளைக் கூடவே இணைத்து அனுப்புங்கள்.