புதுப்பிப்பு: அந்த 900 டாலர் லீ-என்ஃபீல்டைப் போய்ப் பார்த்தேன்

டொராண்டோ அருகே லாங் பிராஞ்ச் ஆலையில் 1943-இல் செய்த பழைய ராணுவ லீ-என்ஃபீல்டு, அதாவது நம்பர் 4 மார்க் 1 ஸ்டார் ரைஃபிளுக்கு 900 டாலர் தரலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன் அல்லவா? சனிக்கிழமை நேரில் பார்த்தாயிற்று.

மரக்கட்டை அசல். வேட்டைக்காக யாரும் முன்பக்கத்தை அறுக்கவில்லை. அதிலேயே பாதி மயங்கிவிட்டேன். அப்புறம் பார்த்தால் போல்ட்டில் (குழலின் பின்வாயை மூடும் நகரும் தண்டு) உள்ள எண் வேறு, துப்பாக்கி உடலில் உள்ள எண் வேறு. சேகரிப்பவர்களிடம் விலை அங்கேயே இறங்கிவிடும். சுடுபவனுக்கோ வேறு கவலை: மாற்று போல்ட் என்றால் தோட்டா உட்காரும் இடைவெளியை மானி போட்டே பார்க்க வேண்டும். இரவல் வாங்கிப்போன ‘நோ-கோ’ மானியில் (இடைவெளி சரியாக இருந்தால் இதில் மூடக் கூடாது) போல்ட் மூடிக்கொண்டது; அதைவிடப் பெரிய, கடைசி வரம்பான ‘ஃபீல்டு’ மானியில் மூடவில்லை. சுடலாம், ஆனால் தேய்மானம் உண்டு. இருப்பது 2-ஆம் எண் போல்ட் தலை (போல்ட்டின் முன்னால் திருகும் துண்டு; எண் கூடினால் நீளம் கூடி இடைவெளி குறையும்). 3-ஆம் எண் தலை லேசில் கிடைக்காது.

நீங்கள் எச்சரித்த இடத்தையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். போல்ட் ஓடும் தடத்தில், போல்ட் தலையைக் கழற்ற விட்டிருக்கும் அந்த வெட்டு, இந்த ரகத்தில் அங்கேதான் இரும்பு சிதறும். நல்லவேளை, முழுசாக இருந்தது. குழலில் துணி விட்டுத் துடைத்ததும் தோட்டாவைச் சுழற்றும் உள்வரிகள் பளிச்சென்று தெரிந்தன. முனையருகே மட்டும் லேசான துருக்குழி.

600 என்றேன். விற்பவர் முகம் சுருங்கியது. கடைசியில் 680.